டிரைவர் பெயர் எழுதும் கட்டம்

1

எனக்கு மயக்கம் வந்தது பிப்ரவரியில். லைசென்ஸ் போனது மார்ச்சில். என் பொண்ணு மேப்பைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தது ஏப்ரலில். மூன்றும் ஒன்றோடு ஒன்று மாட்டிக்கொண்டது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

திண்டிவனத்தில் நம் டிரைவர் சங்கத்துக்கு இது இருபத்தஞ்சாவது வருஷம். ஆண்டு மலர் போடுகிறார்கள். நீயும் ரெண்டு பக்கம் எழுது என்று மாணிக்கம் போனில் சொன்னான். பைபாஸில் பஞ்சர் கடை வைத்திருக்கிற மாணிக்கம்தான். நானும் அவனும் ஒரே முதலாளியிடம் ஒரே லாரியை மாற்றி மாற்றி ஓட்டினவர்கள்.

"இன்னாத்த எழுதறது?" என்றேன்.

"அங்க எப்படி இருக்குது, நீ இன்னா பண்ணிக்கினு இருக்கேன்னு எழுது."

"குளிரா இருக்குது. லாரி ஓட்டறேன்."

"அதையே ரெண்டு பக்கம் எழுதுடா."

நான் எட்டாவது வரைக்கும்தான். தப்பு இருந்தால் அச்சுக்காரர் திருத்திக்கொள்ளட்டும்.

2

என்னைத் தெரியாத புது டிரைவர்களுக்காகச் சொல்கிறேன். பேர் அந்தோணிசாமி. ஊர் அனந்தபுரம் பக்கம். சம்சாரம் அமலி மரக்காணத்துப் பொண்ணு. நர்ஸ். அவள்தான் முதலில் கனடா வந்தாள். ரெண்டு வருஷம் கழித்து நானும் பொண்ணு ஜெசியும் வந்தோம். அப்போது ஜெசிக்கு ஏழு வயசு. இப்போது பதினெட்டு. எட்மண்டன் என்கிற ஊரில் இருக்கிறோம்.

இங்கேயும் எனக்கு அதே தொழில். எண்ணெய்க் கிணறுகளுக்கு இரும்பு பைப் ஏற்றிப் போவேன். குளிர்காலத்தில் மைனஸ் முப்பத்தஞ்சு வரும். வண்டியை நிறுத்தினால் அதற்குக் கரண்ட் ஒயர் சொருகி வைக்கணும், போனுக்குச் சார்ஜ் போடுகிற மாதிரி. இல்லாவிட்டால் என்ஜின் எழுந்திருக்காது. இதை முதல் வருஷம் சொன்னபோது மாணிக்கம் நம்பவில்லை. போட்டோ அனுப்பினேன். அப்பவும் நம்பவில்லை.

மயக்கம் வந்த கதை சின்னது. தவக்காலம் தொடங்குகிற விபூதி புதன் அன்றைக்கு எங்கள் கிறிஸ்தவ ஜனம் ஒருசந்தி இருக்கும். ஒரு வேளைதான் சாப்பாடு. எனக்கு நாலு வருஷமாகச் சுகர். அமலி காலையிலேயே சொன்னாள்.

"மாத்திரை போட்டா சாப்பிடணும். சாப்பிடலன்னா அந்த மாத்திரை போடக்கூடாது. ரெண்டுல ஒண்ணு பண்ணுங்க."

நான் மாத்திரையும் போட்டேன், ஒருசந்தியும் இருந்தேன். ரெண்டும் நல்லதுதானே என்று.

பதினோரு மணிக்குக் கம்பெனி யார்டில் விழுந்துவிட்டேன். கையில் சாவி இருந்தது. வண்டி ஓடவில்லை. அது மட்டும் நல்ல நேரம். ஆம்புலன்ஸ் வந்தது, ஜூஸ் கொடுத்தார்கள், எழுந்து உட்கார்ந்தேன். காலைப் பூசையில் நெற்றியில் பூசின சாம்பலைப் பார்த்துவிட்டு ஒருத்தன் அடிபட்டிருக்கிறது என்று துடைக்க வந்தான். வேண்டாம், அது சாமி என்றேன்.

அமலி ஆஸ்பத்திரிக்கு வந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச்சில் கடிதம் வந்தது. லாரி ஓட்டக்கூடாது. கார் கூடாது. மூன்று மாசம் மயக்கம் இல்லாமல் இருந்து, டாக்டர் ஒரு படிவம் நிரப்பி அனுப்பினால் திருப்பித் தருவார்கள். கம்பெனியில் என்னை யார்டு வேலைக்குப் போட்டார்கள். டயர் காற்று பார்ப்பது, லைட் பார்ப்பது. வேலையை விட்டு அனுப்பவில்லை, அது பெரிசு.

வேலைக்குப் பஸ்ஸில் போனேன். இருபத்தெட்டு வருஷம் ஸ்டீயரிங் பிடித்தவன். முன் சீட்டில் உட்கார்ந்து ரோட்டையே பார்ப்பேன். ஒரு நாள் சிக்னல் விழும்போது என் கால் தானாக பிரேக்கை மிதித்தது. தரையில்தான். டொம் என்று சத்தம். டிரைவர் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

3

ஜெசியைப் பற்றிச் சொல்லணும்.

வந்த புதிதில் ராத்திரி ஆனால் 'ஊருக்குப் போலாம்பா' என்று அழும். இப்போது ஊர் என்றால் அவளுக்கு எட்மண்டன்தான். தமிழ் புரியும். பேசுவாள், பசித்தால். பத்தாவது வந்ததிலிருந்து அவள் ரூம் கதவு சாத்தியே இருக்கும். அந்தப் பக்கம் யாரோ வாடகைக்குக் குடியிருக்கிற மாதிரி இருக்கும். சண்டை கிடையாது. பேச்சு இல்லை, அவ்வளவுதான். நானும் பேசுகிறவன் இல்லை. ரெண்டு பேரும் சும்மா இருந்தால் வீடு எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் கடைசியில் கிழக்குக் கோடியில் ஹாலிஃபாக்ஸ் என்கிற ஊருக்குப் படிக்கப் போகிறாள். ஐயாயிரம் கிலோமீட்டர். கடலைப் பற்றிய படிப்பு. மாணிக்கத்திடம் சொன்னேன்.

"கடல் படிக்கறதுக்கு எதுக்குடா அம்மாந் தூரம்? அவங்க ஆயா ஊடு மரக்காணம்தானே. அங்க எவனக் கேட்டாலும் சொல்லுவான்."

இப்படி இருக்கும்போதுதான் ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை அவளாக வந்து மேசையில் மேப்பை விரித்தாள். நான் பேப்பர் மேப் பார்த்து வருஷங்கள் ஆகிறது. நாலு மூலைக்கும் டம்ளர் வைத்தாள்.

"ப்பா, இங்க பாரு. இந்த ரோடு எங்க முடியுது?"

விரலால் மேலே தடவிக்கொண்டே போனேன். ரோடு மெலிசாகிக்கொண்டே போய் நீலத்தில் முட்டியது.

"கடல்."

"ஆர்க்டிக் கடல். ரோடு அங்க ஸ்டாப். அதுக்கு மேல கனடால ரோடு இல்ல. போலாமா?"

"யாரு?"

"நீயும் நானும், நம்ம கார்ல. அம்மாவுக்கு லீவு இல்ல, கேட்டாச்சு. ஜூலை ரெண்டாவது வாரம், மூணாவது வாரம். அப்பதான் எனக்கு ஸ்விம்மிங் பூல் வேலைல லீவு."

அவள் தமிழில் தேடித் தேடிச் சொன்னாள்.

"நீ லாரில ஒரு தடவகூட என்னக் கூட்டிக்கினு போல. கம்பெனி விடாது, எனக்குத் தெரியும். நீ லாங் ஓட்டறத நான் பாக்கணும். நான் போறதுக்கு முன்னாடி."

அது வாஸ்தவம். ஊரில் இருந்தபோது அவள் சின்னப் பிள்ளை. இங்கே கம்பெனி வண்டியில் வேறு ஆள் ஏறக்கூடாது.

கணக்குப் பார்த்தேன். மயக்கம் வந்தது பிப்ரவரி. மே மாசம் மூன்று மாசம் முடியும். படிவம் போனால் ஜூனில் லைசென்ஸ் வந்துவிடும். ஜூலையில் நான் ஓட்டலாம்.

"சரி" என்றேன்.

"எத்தன மணிக்குக் கிளம்பணும்?"

நம் வழக்கத்தை அவளுக்குச் சொன்னேன். லோடு வியாபாரியுடையது. வண்டி முதலாளியுடையது. கிளம்புகிற நேரம் மட்டும் டிரைவருடையது. அதில் முதலாளியே வாய் வைக்க மாட்டார். வைத்தால் சாவியை அவரிடமே கொடுத்துவிடுவோம்.

"அப்ப டிரைவர் சொல்லு."

"காலைல நாலு மணி."

"நாலா!" என்று தலையில் கை வைத்தாள். ஆனால் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

4

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ரெண்டு மாசம் இதே பேச்சு. ஒரு வருஷப் பேச்சு ரெண்டு மாசத்தில் நடந்தது.

திண்டிவனத்தில் நின்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ரோடு. மெட்ராஸ், விழுப்புரம், பாண்டி, செஞ்சி, மரக்காணம். எதில் போனாலும் பத்து நிமிஷத்துக்கு ஒரு டீக்கடை. ஒரு ரோட்டில் வேலை நடந்தால் இன்னொன்றில் போவோம். இந்த வடக்கு ரோடு அப்படி இல்லை. ஒன்றே ஒன்றுதான். எங்கள் வீட்டிலிருந்து கடல் வரைக்கும் மூவாயிரத்து நானூறு கிலோமீட்டர். அதில் கடைசி தொள்ளாயிரம் மண்ணும் கல்லும். ரெண்டு ஆற்றுக்குப் பாலம் கிடையாது. கோடையில் வண்டியைப் படகில் ஏற்றி விடுவார்கள். குளிர்காலத்தில் ஆறு உறைந்துவிடும், அதன் மேலேயே ஓட்டலாம். நடுவில் ஐஸ் உடைகிற சில வாரம் படகும் இல்லை, ரோடும் இல்லை. அந்தப் பக்கம் இருக்கிறவன் அந்தப் பக்கம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாணிக்கத்துக்கு வீடியோ கால் போட்டேன். அவனுக்கு அங்கே சாயங்காலம். கடையில் ஒரு டயரைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே பேசினான்.

"நடுவுல டீக்கடை?"

"ஒண்ணு இருக்குது."

"எத்தினி கிலோமீட்டருக்கு?"

"முந்நூத்தி எழுபது. பெட்ரோலும் அங்கதான். திண்டிவனத்துல டேங்கை ரொப்புனா மதுரை தாண்டி அடுத்த பங்க்."

"டேய், அந்தக் கடைக்காரன் அன்னிக்கு லீவு போட்டுட்டா?"

"கேன்ல எடுத்துக்கினு போறோம்."

"கல்லு எப்படி?"

"கூர் கல்லு. டயரைக் கிழிக்குமாம்."

"ஸ்டெப்னி எத்தினி?"

"ரெண்டு."

"மூணு போடு." கொஞ்சம் யோசித்தான். "அங்க நான் ஒரு பஞ்சர் கடை போட்டா?"

"நாளைக்கு நாலு வண்டி வரும்."

"அப்ப வேணாம். இங்கயே நாலு வண்டிதான் வந்துக்கினு இருக்குது."

ஜெசி பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "அங்கிள், அங்க சூரியன் மறையாது. நைட்டே இல்ல" என்றாள்.

"அப்ப எப்பம்மா தூங்குவீங்க?"

"டிரைவர் சொல்லும்போது."

மாணிக்கம் டயரை விட்டுவிட்டுச் சிரித்தான். "உன் பொண்ணு நம்ம ஆளுடா" என்றான்.

சாமான் லிஸ்ட்டில்தான் அமலிக்கும் ஜெசிக்கும் தகராறு. அமலி தன் ஊர்க் கருவாட்டை நாலு பொட்டலம் கட்டி வைத்தாள். கெட்டுப் போகாது, சோறு மட்டும் வடித்தால் போதும் என்று. ஜெசி செல்போனில் ஏதோ படித்துக் காட்டினாள்.

"ம்மா, கரடி மூணு கிலோமீட்டருக்கு அந்தாண்டேருந்து ஸ்மெல் பண்ணும்."

"பண்ணட்டுமே."

"பண்ணிட்டு வரும்மா. டென்ட்டுக்கு வரும்."

"நெத்திலிதான்டி. காரமே இல்ல."

"கரடிக்குக் காரம் ப்ராப்ளம் இல்லம்மா!"

கருவாடு வீட்டிலேயே நின்றது. வறுத்த மல்லாட்டையும் (வேர்க்கடலைதான்) கேப்பை மாவும் ஏறின, இறுக்கி மூடுகிற டப்பாவில். கரடியை விரட்ட ஒரு மிளகாய் ஸ்ப்ரே வாங்கினோம். அமலி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "இத வாங்கணுமா? எங்கம்மா குழம்பை ஊத்துனாலே போதும்."

5

மே மாசம் டாக்டரிடம் போனேன். ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரி என்றார். படிவத்தை நிரப்பி அனுப்பிவிடுகிறேன் என்றார். வந்துவிட்டேன்.

ஜூன் முழுக்கத் தபால் பெட்டியைப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. ஜூன் கடைசியில் ஜெசி போனைக் கொடுத்து, லைசென்ஸ் ஆபீஸுக்குப் பேசு என்றாள். ஸ்பீக்கரில் போட்டோம். ஒரு பெண் பேசினாள். நல்ல மரியாதையான பெண். இங்கிலீஷில் நடந்ததைத் தமிழில் எழுதுகிறேன்.

"உங்கள் கடைசிப் பெயர்?"

"சவரிமுத்து."

"மன்னிக்கவும், அந்தப் பெயரில் டாக்டர் படிவம் எதுவும் வரவில்லை."

"டாக்டர் அனுப்பினார்."

தேடினாள். "எஸ். அந்தோணிசாமி என்று ஒன்று இருக்கிறது. லைசென்ஸ் எதனுடனும் பொருந்தவில்லை. அதனால் தனியாக வைத்திருக்கிறோம்."

"அது நான்."

"எஸ் என்றால் என்ன?"

"என் அப்பா."

"இது உங்கள் அப்பாவின் படிவமா?"

"இல்லை. அப்பா இறந்துவிட்டார்."

"அடடா. வருந்துகிறேன். அப்படியானால்... லைசென்ஸ் யாருக்கு வேண்டும்?"

ஜெசி வாயைப் பொத்திக்கொண்டு சமையல் ரூமுக்கு ஓடினாள். சிரிப்பு.

தப்பு என்னுடையதுதான். நமக்குக் கடைசிப் பெயர் கிடையாது. அப்பா பேரில் ஒரு எழுத்து, அதற்கப்புறம் நம் பேர். பாஸ்போர்ட் எடுக்கும்போது கட்டத்தை நிரப்பணுமே என்று ஏஜென்ட் அப்பா பேரை முழுசாகக் கடைசியில் போட்டார். அதனால் இந்த நாட்டில் நான் மிஸ்டர் சவரிமுத்து. யார்டில் சவரி என்று கூப்பிடுவார்கள். எங்கள் அப்பா ஏர் ஓட்டினவர். அவர் போன தூரம் விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ், மனு கொடுக்க. அவர் பேர் பதினோரு வருஷமாகக் கனடாவில் லாரி ஓட்டுகிறது.

அமலிக்கும் ஜெசிக்கும் கடைசிப் பெயர் அந்தோணிசாமி. வீட்டில் ரெண்டு அந்தோணிசாமி இருக்கிறார்கள். எனக்கு மட்டும்தான் அந்தப் பேர் கடைசியில் இல்லை.

மே மாசம் டாக்டரிடம் போனபோது பேர் எழுதக் காகிதம் நீட்டினார்கள். கை பழக்கத்தில் எழுதிவிட்டது. எஸ். அந்தோணிசாமி. திண்டிவனத்தில் ஒவ்வொரு டிரிப் ஷீட்டிலும் டிரைவர் என்கிற இடத்தில் எழுதின பேர். இருபத்தெட்டு வருஷத்தில் முதல் பதினேழு அங்கேதான் ஓட்டினேன்.

அந்தப் பெண் வழி சொன்னாள். புதுப் படிவம் வேண்டும். பழைய ரத்தப் பரிசோதனை நாள் கடந்துவிட்டது, அதுவும் புதுசு வேண்டும். பார்த்து முடிக்க ஆறு வாரம்.

"ஆகஸ்ட்" என்றேன்.

"ஆமாம், ஆகஸ்ட் நடுவில்" என்றாள். நல்ல நாளாகட்டும் என்று வைத்தாள்.

ஜெசி சமையல் ரூமிலிருந்து வந்தாள். இப்போது சிரிக்கவில்லை. மேசை மேல் இருந்த மேப்பை மடித்தாள். மடிப்பு சரியாக வரவில்லை. திரும்ப விரித்து, திரும்ப மடித்து, தன் ரூமுக்கு எடுத்துப் போனாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

6

மறுநாள் காலையில் வந்து சொன்னாள்.

"ப்பா, நான் ஓட்டறேன்."

"வேணாம்."

"ரெண்டு வருஷமா லைசென்ஸ் இருக்கு எனக்கு."

"டவுன்ல ஓட்டற லைசென்ஸ்."

"நீ பக்கத்துல இரு."

"வேணாம்னா வேணாம்."

மூணு நாள் யாரும் இதைப் பேசவில்லை. ஸ்டெப்னி டயர் ரெண்டும் ஷெட்டில் கிடந்தது. நான் போய் அதற்குக் காற்று பார்த்தேன். மறுநாளும் பார்த்தேன். காற்று எங்கே போகப் போகிறது.

பயமா என்று கேட்டால், ஆமாம். ஆனால் எதற்குப் பயம் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. பொண்ணு ஓட்டினால் வண்டி கவிழும் என்றா. இல்லை. அவள் பார்க்கணும் என்று சொன்னது நான் ஓட்டுவதை. நான் பக்க சீட்டில் மல்லாட்டை உரிப்பதையா பார்க்கப் போகிறாள்? அப்படித்தான் மனசுக்குள் ஓடியது. இதை யாரிடமும் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

மூணாம் நாள் அமலி டியூட்டி முடிந்து வந்தாள். ஷூவைக் கழற்றிக்கொண்டே பேசினாள்.

"இன்னாங்க, புள்ளைய எதுக்கு இப்படிப் பேஜார் பண்றீங்க? அவ ஓட்டட்டும்."

"உனக்குப் பயமா இல்லியா?"

"அவ ஓட்டறதுக்கா? இல்ல. நீங்க ஓட்டறதுக்குத்தான் ஏப்ரல்லேருந்து பயந்துக்கினு இருக்கேன். லைசென்ஸ் வரக்கூடாதுன்னு மாதா கிட்ட வேண்டிக்கினேன்."

"இன்னா?"

"ஆமா. நாலு நாளு ஆளே இல்லாத ரோட்டுல, பக்கத்துல புள்ளைய வச்சிக்கினு, சுகர் எறங்கிச்சின்னா? நான் சொன்னா கேக்கற ஆளா நீங்க? மாத்திரையும் போட்டு ஒருசந்தியும் இருந்த ஆளு."

பிப்ரவரியில் சொல்லாமல் விட்டதை எல்லாம் சேர்த்து இப்போது சொல்லிவிட்டாள். திட்டு வாங்கின பிறகு எனக்கு மனசு லேசாகத்தான் இருந்தது. சாதம் போட்டாள், சாப்பிட்டேன்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து மேற்கே மலைப் பக்கம் ஒரு மண் ரோட்டுக்குப் போனோம். மரம் வெட்டுகிற லாரி போகிற ரோடு. ஜெசி ஓட்டினாள். நான் பக்கத்தில். அமலி பின்னால், ஒரு கையில் ஜெபமாலை, ஒரு கையில் மல்லாட்டை.

முதல் பத்து கிலோமீட்டரில் என் கால் தரையை ஆறு தடவை மிதித்தது.

"ப்பா, அங்க பிரேக் இல்ல" என்றாள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தெரியும்."

"கார்ப்பெட் கிழியுது."

பின்னாலிருந்து அமலி, "நீ ஓட்டுடி. அவரு மிதிக்கட்டும், ரெண்டு பிரேக் இருந்தா நல்லதுதான்" என்றாள்.

ஒரு வளைவில் எதிரே மர லாரி வந்தது. முழு லோடு, முழு வேகம், பின்னால் புழுதி. இந்த இடத்தில் புது ஆள் செய்கிற தப்பு ஒன்று உண்டு. பயந்து பிரேக்கை அழுத்துவான். சரளைக் கல்லில் வண்டி பக்கவாட்டில் வழுக்கும். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் ஆக்ஸிலேட்டரை விட்டாள். பிரேக்கைத் தொடவில்லை. மெதுவாக ஓரம் கட்டினாள். ரெண்டு கையும் ஸ்டீயரிங்கில். கல் ஒன்று கண்ணாடியில் பட்டு டக்கென்றது. லாரி போய்விட்டது. புழுதி அடங்குகிற வரைக்கும் நின்று, பிறகு எடுத்தாள்.

திறந்த வாயை மூடினேன்.

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்ல. குளிர்காலத்துல ஸ்கூல் கூட்டிக்கினு போவ இல்ல? ஐஸ்ல நீ இப்படித்தான் பண்ணுவ. நான் பின்னாடி சீட்லேருந்து பாத்துக்கினே வருவேன்."

"ம்."

"'ம்'னா இன்னா?"

"ம்னா சரி."

அமலி மல்லாட்டைத் தோலைக் கையில் பொத்திக்கொண்டு முன்னால் குனிந்தாள். "எழுதி வச்சிக்கோடி. உங்கப்பா இந்த வருஷம் பேசினதுலயே பெரிய பேச்சு இது."

7

நேற்று மேப் திரும்ப மேசைக்கு வந்தது. நாலு டம்ளரும் வந்தது. திங்கட்கிழமை கிளம்புகிறோம்.

அந்த மாதிரி ஆளில்லாத இடத்துக்குப் போனால் ஒரு பயணத் தாள் எழுதி வீட்டில் ஒருத்தரிடம் கொடுத்துவிட்டுப் போகணும். எந்த வண்டி, எந்த ரோடு, எத்தனை பேர், எந்தத் தேதிக்குள் திரும்பணும். திரும்பவில்லை என்றால் அவர்கள் போலீசுக்குச் சொல்லுவார்கள், தேட வருவார்கள். எங்கள் தாள் அமலியிடம் இருக்கும். ஃப்ரிட்ஜில் ஒட்டப் போவதாகச் சொல்கிறாள். ஒரு நாள் லேட் ஆனாலும் போலீஸ் இல்லை, தானே வருவாளாம்.

ஜெசி பேனாவை என்னிடம் கொடுத்தாள். "நீ எழுது. லைசென்ஸ்ல இருக்கற மாதிரியே எழுதணும், ஓகேவா?" என்று சொல்லிச் சிரித்தாள்.

டிரைவர் என்று ஒரு கட்டம். கடைசிப் பெயர் கேட்டது. அந்தோணிசாமி என்று எழுதினேன். முதல் பெயர் ஜெசி. அடுத்தது, பயணி. கடைசிப் பெயர் சவரிமுத்து. கை இந்தத் தடவை தப்புப் பண்ணவில்லை.

கையெழுத்து நன்றாக வந்திருந்தது. போட்டோ எடுத்து மாணிக்கத்துக்கு அனுப்பினேன். ஒரே வரியில் பதில் போட்டான். 'மூணாவது ஸ்டெப்னி எங்கடா?'

சாமான் எல்லாம் ஹாலில் வரிசையாக இருந்தது. பெட்ரோல் கேன், டென்ட், மல்லாட்டை டப்பா, என் மாத்திரைப் பெட்டி, அதன் மேல் அமலி எழுதி ஒட்டின சீட்டு. சாப்பிட்ட பிறகு என்று தமிழில், பெரிய எழுத்தில். ஜெசி ஒவ்வொன்றாக நோட்டில் டிக் அடித்துக்கொண்டிருந்தாள். அந்த நோட்டின் முதல் பக்கத்தில் ஏப்ரலில் எழுதினது இன்னும் இருக்கிறது. கிளம்பும் நேரம், நாலு மணி.

நான் கேட்டேன்.

"எத்தினி மணிக்குக் கிளம்பணும்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள். திரும்ப என்னைப் பார்த்தாள்.

நாலு மணி என்று எழுதினதைக் கோடு போட்டு அடித்தாள். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தாள்.

"ஆறரை" என்றாள்.

ஆறரை மணி என்பது எங்கள் தொழிலில் நடுப்பகல். அதற்குள் திண்டிவனத்திலிருந்து மெட்ராஸ் போய் லோடு இறக்கிவிடலாம். வாய் வரைக்கும் வந்தது.

"சரி" என்றேன். டிரைவர் சொல்லியாச்சு.